வேகம் ஏத்தலாம், அச்சு தாங்குமா?



இந்த மாதச் சுவரேட்டுக்கு வேறு ஒன்று எழுதலாம்னுதான் இருந்தேன். ஆனா போன வாரம் நம்ம கம்ப்யூட்டர் லேப்ல நடந்த சண்டை உங்க எல்லாருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு அண்ணன்கள் சில பேர், "இந்த கம்ப்யூட்டர் எல்லாம் ஆமை மாதிரி போகுது. பயாஸ்ல போய் ஓவர்கிளாக் பண்ணிட்டா குதிரை மாதிரி ஓடும். பத்து பைசா செலவு இல்ல"ன்னு சொன்னாங்க. எங்க வகுப்புல பாதிப் பேர் "பண்ணலாம்"னு கத்தினாங்க. மீதிப் பேர் "வேணாம், எரிஞ்சு போயிடும்"னு கத்தினாங்க. ஏன் பண்ணலாம், ஏன் எரியும்னு ரெண்டு பக்கமும் யாரும் சொல்லல. கம்ப்யூட்டர் சார் சிரிச்சுக்கிட்டே, "சத்தம் போட்டா முடிவு வராது. காரணத்தோட எழுதி சுவர்ல ஒட்டுங்க. படிச்சிட்டு முடிவு பண்ணலாம்"னு சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடுறேன். ஓவர்கிளாக் பண்றது தப்பு இல்லை. ஆனால் விலை குறைந்த மதர்போர்டில், நம்ம ஊர் வெயிலில், எல்லாரும் பயன்படுத்துற கம்ப்யூட்டரில் அதைப் பண்ணக் கூடாது. அதைவிட நல்ல வழி இருக்கிறது. கடைசி வரைக்கும் படித்துவிட்டு, நான் சொல்வது தப்பு என்றால் அடுத்த மாதம் பதில் எழுதுங்கள்.

ஓவர்கிளாக் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு உள்ளே ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். பி.டி. சார் விசில் ஊத ஊத நாம கால் எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. ஒவ்வொரு தாளத்துக்கும் புராசஸர் ஒரு அடி வேலை செய்யும். இப்போதைய மதர்போர்டுகளில் அடிப்படைத் தாளம் பொதுவாக விநாடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். புராசஸர் அதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்ளும். 32-ஆல் பெருக்கினால் 3200 மெகாஹெர்ட்ஸ். அதைத்தான் கடையில் 3.2 ஜிகாஹெர்ட்ஸ் என்று சொல்கிறார்கள்.

இந்த 32-ஐ 38 ஆக்கினால் 3.8 ஜிகாஹெர்ட்ஸ். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைவிட இப்படி அதிகமாக ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். பயாஸில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். பார்க்க ரொம்ப சுலபம். அதுதான் ஆபத்தும்.

"கம்பெனியே ஏன் வேகமா விற்கல?"ன்னு கேட்கலாம். ஒரே மாதிரி தயாரித்த சில்லுகளில் சிலது நன்றாக ஓடும், சிலது சுமாராக ஓடும். சோதித்துப் பார்த்து வேகம் வாரியாகப் பிரிப்பார்கள். நம்ம அப்பாக்கள் நெல்லைத் தூற்றி, தரம் பிரித்து மூட்டை கட்டுற மாதிரிதான். சில சமயம் சந்தையில் மலிவானதற்குத் தேவை அதிகமாக இருந்தால், நல்ல சில்லும் மலிவு மூட்டைக்குள்ளே போய்விடும். அப்படி உள்ளே ஒளிந்திருக்கிற வேகத்தைத் தேடுவதுதான் ஓவர்கிளாக் பண்றவங்களோட ஆசை. அந்த ஆசை நியாயமானதுதான். நம்மை மாதிரி வீட்டில் விலை அதிகமான கம்ப்யூட்டர் வாங்க முடியாதவங்களுக்கு, இருக்கிறதிலேயே கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் வழி அது.

அண்ணன்கள் சொன்ன உதாரணம்

அண்ணன்கள் சொன்ன ஒரு கதை உண்மையானது. 1998 ஆகஸ்டில் இன்டெல் கம்பெனி செலரான் 300ஏ என்று ஒரு மலிவு புராசஸர் விட்டது. அதோட தாளம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கும் எண் 4.5. பெருக்கினால் கிட்டத்தட்ட 300. பெருக்கும் எண்ணை மாற்ற முடியாமல் பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் போர்டில் தாளத்தை 66-லிருந்து 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்! பல மடங்கு விலை உள்ள பென்டியம் 2 புராசஸரோட போட்டி போடுற அளவுக்கு அது ஓடியது. தைவான் நாட்டு ஏபிட் கம்பெனியின் பிஎச்6 போர்டில் பெட்டியைத் திறக்காமலே திரையில் இதை மாற்றலாம். உலகம் முழுக்க மாணவர்கள் அதைச் செய்து பார்த்தார்கள்.

இதைச் சொல்லித்தான் "அவங்களால முடிஞ்சது, நம்மளால முடியாதா?"ன்னு கேட்டாங்க. நானும் முதலில் ஆமாம் போட்டேன். பிறகு யோசித்தபோது ஒன்று புரிந்தது. அந்த போர்டில் இருந்த பிஎக்ஸ் சிப்செட், 100 மெகாஹெர்ட்ஸ் தாளத்துக்காகவே செய்யப்பட்டது. புராசஸர்தான் கணக்குக்கு மேல் ஓடியதே தவிர, போர்டு தன் கணக்குக்கு உள்ளேயேதான் இருந்தது. நிறைய பேருக்கு வோல்டேஜை ஏற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அங்கே பாரத்தைக் கூட்டினார்கள், ஆனால் வண்டியின் அச்சு பலமாக இருந்தது. நம்ம லேப்ல அச்சே மெலிசு. இதைத்தான் நாம மறந்துட்டோம்.

நம்ம விழுப்புரம் ஜங்ஷனை நினைத்துப் பாருங்கள். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் பாதை பிரிகிறது. எஞ்சின் எவ்வளவு வேகம் போகும் என்பது ஒரு கணக்கு. அந்தப் பாதை எவ்வளவு வேகம் தாங்கும் என்பது வேறு கணக்கு. எஞ்சின் டிரைவர் பாதையின் கணக்கைப் பார்த்துத்தான் ஓட்டுவார். புராசஸர் எஞ்சின் என்றால், மதர்போர்டுதான் பாதை.

பெருக்கிப் பார்த்தால் தெரியும்

திண்டிவனத்தில் எங்க மாமா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் ஒரு செத்துப்போன மலிவு போர்டை எடுத்து மேசையில் வைத்தார். புராசஸர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் குட்டிக் குட்டிக் கறுப்புச் சதுரங்கள், சதுரச் சுருள்கள், சின்ன டப்பா மாதிரி கெபாசிட்டர்கள் இருந்தன.

"பாப்பா, பவர் சப்ளையில இருந்து 12 வோல்ட் வரும். புராசஸருக்கு வேண்டியது ஒண்ணேகால் வோல்ட் மாதிரி. அதைக் குறைச்சுக் கொடுக்கிறது இந்தப் பகுதிதான். விலை அதிகமான போர்டுல இது பத்து, பன்னிரண்டு வரிசை இருக்கும், மேல அலுமினிய மூடி போட்டிருக்கும். இதுல பாரு, மூணே வரிசை. மூடியும் இல்ல. ஓவர்கிளாக் பண்ணிட்டு வர்ற பசங்களுக்குப் புராசஸர் சாகுறது அபூர்வம். போர்டுதான் முதல்ல போகும்"னு சொன்னார்.

அப்புறம் ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்தார். புராசஸர் தின்கிற மின்சாரம் வேகத்தைப் பொறுத்து ஏறும். வோல்டேஜின் இருமடியைப் பொறுத்தும் ஏறும். வேகத்தை அதிகம் ஏற்றினால் புராசஸர் தடுமாறும், அதைச் சமாளிக்க வோல்டேஜையும் ஏற்ற வேண்டி வரும். நான் நோட்டில் போட்ட கணக்கு இது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வேகம் 3.2-லிருந்து 3.8. இது 1.19 மடங்கு.
வோல்டேஜ் 1.2-லிருந்து 1.35. இது 1.125 மடங்கு. அதன் இருமடி 1.27.
இரண்டையும் பெருக்கினால் 1.5 மடங்கு!

அதாவது வேகம் 19 சதவீதம்தான் கூடுகிறது. மின்சாரமும் சூடும் 50 சதவீதம் கூடுகிறது. 65 வாட் தின்ற புராசஸர் 98 வாட் தின்னும்.

இன்னும் இருக்கிறது. 65 வாட்டை 1.2 வோல்ட்டால் வகுத்தால் 54 ஆம்பியர். நம்ம வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுக்காது. கொல்லையில் ஓடுற 5 குதிரைத்திறன் மோட்டாரே ஏழெட்டு ஆம்பியர்தான். விரல் நகம் அளவு இருக்கிற அந்தக் கறுப்புச் சதுரங்கள் எல்லாம் சேர்ந்து 54 ஆம்பியரைத் தாங்குகின்றன. ஓவர்கிளாக் பண்ணினால் 98-ஐ 1.35-ஆல் வகுக்கணும், 72 ஆம்பியருக்கு மேல். மின்னோட்டத்தின் வெப்ப விளைவு பாடத்தில் என்ன படித்தோம்? வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்த்தகவு. அப்படியென்றால் அந்தச் சதுரங்களில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணின சூத்திரம் இப்படி ஒரு போர்டைக் கொல்லும் என்று நான் நினைக்கவே இல்லை!

மயிலிறகு எவ்வளவு லேசானது. அதையே அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். தமிழ் அம்மா நடத்தும்போது இது ராஜாக்களுக்குச் சொன்னது என்று நினைத்தேன். மதர்போர்டுக்கும் சொன்னதுதான்.

டிசம்பரில் ஓடும், மே மாதம்?

இது எங்க வீட்டிலேயே நடந்தது. விழுப்புரத்தில் இருக்கிற எங்க பெரியப்பா பையன் காலேஜ் படிக்கிறார். சீட்டுப் பணத்தில் பெரியம்மா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அவருடையது. போன வருஷம் டிசம்பரில் அதை ஓவர்கிளாக் பண்ணினார். "பாரு பாப்பா, எப்படிப் பறக்குது"ன்னு எனக்கும் காட்டினார். நிஜமாகவே நன்றாக ஓடியது. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் ஒரு குறையும் இல்லை. ஏப்ரலில் நடுநடுவே தானாக அணைய ஆரம்பித்தது. மே மாதம் ஒரு மத்தியானம், ப்ராஜெக்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு வாசனை வந்தது, அவ்வளவுதான். போர்டு போய்விட்டது. அது நல்ல போர்டா கெட்ட போர்டா என்று நான் சொல்லவில்லை. அது விலைக்குத் தகுந்த போர்டு. அதன் தகுதிக்கு மேல் வேலை வாங்கியது நாங்கள்தான். வேறு போர்டு வாங்க பெரியம்மா மறுபடியும் சீட்டுப் பணம் எடுக்க வேண்டி வந்தது. அண்ணன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

டிசம்பரில் ஓடியது ஏன் மே மாதம் ஓடவில்லை? புராசஸர் மேல் இருக்கும் ஃபேன் குளிர்ந்த காற்றைத் தயாரிப்பதில்லை. அறையில் இருக்கிற காற்றைத்தான் ஊதுகிறது. அறை 25 டிகிரி இருக்கும்போது புராசஸர் 75 டிகிரி என்றால், அறை 40 டிகிரி ஆகும்போது அதுவும் ஏறக்குறைய 15 டிகிரி ஏறி 90 ஆகும். பெரும்பாலான புராசஸர்கள் 95, 100 டிகிரி பக்கம் வந்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். புராசஸருக்காவது அந்தப் புத்தி இருக்கிறது. மலிவு போர்டில் இருக்கிற அந்தச் சதுரங்களில் பலவற்றுக்கு அப்படிக் காவல் கிடையாது. வீடியோவில் சொல்லிக் கொடுக்கிறவர் ஏசி ரூமில் உட்கார்ந்திருப்பார். நம்ம லேப் ஓட்டில் சித்திரை வெயில் அடிக்கும். ரெண்டும் ஒன்றா?

வோல்டேஜ் விளையாட்டுப் பொருள் இல்லை என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதால் நாளடைவில் பழுதாகி, கம்ப்யூட்டர்கள் நின்று நின்று போயின. கம்பெனியே அதை ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தையும் 2 வருஷம் கூட்டிக் கொடுத்தது. தயாரித்தவர்களுக்கே கணக்கு தவறுகிறது என்றால், நாம வீடியோ பார்த்து எண்ணை மாற்றலாமா?

இன்னொரு விஷயத்தையும் யோசிக்கணும். அளவுக்கு மேல் ஓடுற கம்ப்யூட்டர் எப்போதும் அணைந்து காட்டிக் கொடுக்காது. சில நேரம் சத்தமில்லாமல் தப்பாகக் கணக்குப் போடும், ஃபைலைக் கெடுக்கும். நம்ம லேப் கம்ப்யூட்டரில்தான் டீச்சர்கள் மார்க் பட்டியல் டைப் பண்றாங்க. அதில் நம்ம எல்லாருடைய மார்க்கும் இருக்கிறது. என் வீட்டு கம்ப்யூட்டர் என்றால் நஷ்டம் எனக்கு மட்டும். லேப் கம்ப்யூட்டர் நம்ம எல்லாருக்கும் பொது. எட்டு கம்ப்யூட்டரில் ஓடுறது ஆறுதான். ஆறு அஞ்சு ஆனால், ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நாலு பேர் அஞ்சு பேர் ஆவோம்.

ஆமை எங்கே இருக்கிறது?

"அப்போ இப்படியே ஆமையா இருக்கட்டுமா?"ன்னு அண்ணன்கள் கேட்பாங்க. கூடாது. ஆனால் ஆமை எங்கே இருக்கிறது என்று முதலில் தேட வேண்டும். நானும் என் தோழியும் சாரிடம் அனுமதி வாங்கி, கையில் கடிகாரத்தோடு மூணாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். சுவிட்ச் போட்டதிலிருந்து வேலைக்குத் தயாராக 3 நிமிஷம் 50 விநாடி ஆனது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தோம். ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்கிறது. புராசஸரோ 20 சதவீதம்கூட இல்லை, சும்மா காத்துக்கொண்டிருக்கிறது!

இதற்கு என்ன அர்த்தம்? சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், கடைக்குப் போன பையன்தான் இன்னும் வரவில்லை. அப்போது சமையல்காரரை வேகமாகச் சமைக்கச் சொன்னால் சோறு சீக்கிரம் வருமா? பையனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுக்கணும். அந்த சைக்கிள்தான் எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுற்றி, ஊசி நகர்ந்து தேடணும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவது எதுவும் இல்லை, அதனால் உடனே எடுத்துக் கொடுக்கும். எங்க அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப்புக்கு மாமா எஸ்.எஸ்.டி. மாட்டி, ரேம் கூட்டிக் கொடுத்தார். 2011-ல் அந்தத் திட்டம் ஆரம்பித்ததிலிருந்து நம்ம ஊரில் எத்தனையோ வீட்டுக்கு லேப்டாப் வந்திருக்கிறது. எங்க வீட்டு லேப்டாப் இன்னும் ஓடுகிறது. இப்போது அரை நிமிஷத்துக்குள் தயாராகிவிடும். புராசஸரை யாரும் தொடவே இல்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். சாரும் மாமாவும் பக்கத்தில் இருக்க, அஞ்சாம் நம்பர் கம்ப்யூட்டரைத் திறந்தோம். ஃபேனுக்குக் கீழே தூசி பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. திறப்பதற்கு முன்பு வேலை செய்யும்போது புராசஸர் 89 டிகிரி. தூசியைத் தட்டி, காய்ந்து போயிருந்த பேஸ்ட்டைத் துடைத்து, புது பேஸ்ட் தடவி மாட்டிய பிறகு 68 டிகிரி. இப்போதைய புராசஸர்களுக்கு டர்போ என்று ஒரு வசதி இருக்கிறது. குளிர்ச்சியாக இருந்தால், கம்பெனி அனுமதித்த எல்லை வரைக்கும் அதுவே தன் வேகத்தை ஏற்றிக்கொள்ளும். சூடானால் இறக்கிக்கொள்ளும். நாம தூசியால் மூச்சு முட்ட வைத்துவிட்டு, "ஓடு ஓடு"ன்னு சொல்கிறோம். ஒரு பிரஷ்ஷும் ஒரு சின்ன டியூப் பேஸ்ட்டும் கொடுத்த வேகத்துக்கு வோல்டேஜ் தேவைப்படவில்லை.

அப்போ கற்றுக்கொள்ளவே வேண்டாமா?

வேண்டும்! இதில் நான் அண்ணன்கள் கட்சி. "தொடாதே, கெட்டுடும்"னு சொல்லியே வளர்த்தால் நாம எப்போ கற்றுக்கொள்வது? உலகத்தில் இதை ஒரு விளையாட்டுப் போட்டியாகவே நடத்துகிறார்கள். திரவ நைட்ரஜன், திரவ ஹீலியம் ஊற்றிக் குளிர வைத்து 9 ஜிகாஹெர்ட்ஸையும் தாண்டியிருக்கிறார்கள். ஆனால் அது சில நிமிஷத்துக்கான சாதனை. அந்த கம்ப்யூட்டரில் யாரும் பாடம் படிப்பதில்லை.

நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு 'சக்தி' என்று சொந்தமாகப் புராசஸர் வடிவமைத்து, 2018-ல் அந்தச் சில்லில் லினக்ஸ் ஓட வைத்தது. அதன் வேகம் ஒரு ஜிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற ஒவ்வொரு பகுதியும் ஏன் அப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அந்தப் பெருமைதான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோபப்படாதீங்க. லேப்ல கம்ப்யூட்டர் திறக்கும்போதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பசங்க கையில் இருக்கும், துடைக்கிற துணி எங்க கையில் இருக்கும். யாரும் வேணும்னு செய்யவில்லை, அப்படியே பழகிவிட்டது. அஞ்சாம் நம்பர் கம்ப்யூட்டரில் பேஸ்ட் தடவியது நானும் என் தோழியும்தான். அது இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறாம் வகுப்புத் தங்கச்சிகள் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்களுக்கும் காட்டுங்க"ன்னு கேட்டாங்க. இதையும் கணக்கில் வையுங்கள்.

என் வேண்டுகோள்கள்

ஒன்று. ஓடுகிற ஆறு கம்ப்யூட்டரில் யாரும் ஓவர்கிளாக் பண்ண வேண்டாம். அதற்குப் பதிலாக, பருவத்துக்கு ஒரு முறை தூசி தட்டும் நாள் வைப்போம்.

இரண்டு. நம்ம வீடுகளில் இருந்து பழைய பேப்பர் சேர்த்து விற்று, ஒரு எஸ்.எஸ்.டி.யாவது வாங்குவோம். ஒரு புது போர்டு விலையைவிட அது குறைவுதான். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடமும் கேட்கலாம். மூணாம் நம்பரில் மாட்டி, முன்னாடி 3 நிமிஷம் 50 விநாடி, இப்போ எவ்வளவு என்று எல்லார் முன்னாடியும் கடிகாரம் பிடித்துக் காட்டுவோம்.

மூன்று. ஓடாமல் கிடக்கிற இரண்டு கம்ப்யூட்டரின் பாகங்களைச் சேர்த்து ஒன்றை ஓட வைக்க மாமா உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். அதை 'பயிற்சி கம்ப்யூட்டர்' என்று வைத்துக்கொள்வோம். யார் மார்க்கும் யார் பாடமும் அதில் இருக்காது. அந்த போர்டு அனுமதித்தால், அங்கே ஓவர்கிளாக் பண்ணிப் பழகுவோம். எல்லா போர்டும் அனுமதிக்காது. இன்டெல்லில் பெயரின் கடைசியில் 'கே' எழுத்து இருக்கிற புராசஸரும், 'இசட்' வரிசை போர்டும் இருந்தால்தான் பொதுவாக முடியும். ஏ.எம்.டி. ரைசனில் ஏ320 போர்டில் கிடையாது, பி350, பி450 போர்டில் உண்டு. முதலில் இதைப் பார்க்கக் கற்றுக்கொள்வதே ஒரு பாடம்.

அங்கேயும் சில விதிகள் வேண்டும். பெருக்கும் எண்ணை ஒரு நேரத்தில் ஒரு படிதான் ஏற்றணும். வோல்டேஜைத் தொடக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு மணி நேரம் முழு வேலை கொடுத்துச் சோதிக்கணும். தேதி, அறையின் சூடு, புராசஸரின் சூடு, என்ன நடந்தது, எல்லாம் நோட்டில் எழுதணும். ஓடாமல் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கிற காசு மாதிரி பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். முக்கியமான விதி ஒன்று: டிசம்பரில் ஓடியது என்று யாரும் கை தட்டக் கூடாது. மே மாதம் மத்தியானம் 2 மணிக்கு ஓடினால்தான் கை தட்டணும். ஸ்க்ரூ டிரைவர் முறை வைத்து எல்லார் கைக்கும் வரணும்.

என் அன்பு நண்பர்களே! வேகம் எல்லாருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். அன்றைக்கு விழுப்புரத்தில் அண்ணனோட கம்ப்யூட்டர் பறந்தபோது முதலில் கை தட்டியது நான்தான். மே மாதம் அந்த வாசனை வந்தபோது பக்கத்தில் நின்றதும் நான்தான். பெரியம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "எவ்வளவு ஆகும்?"னு மட்டும் கேட்டாங்க. அந்தக் கேள்வியை நாம முன்னாடியே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம்ம லேப்பில் எண்ணை மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்போம்: எவ்வளவு ஆகும், யாருக்கு ஆகும்?

ஆசிரியர்கள் யோசித்து முடிவு சொல்ல வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு அண்ணன்களின் பதிலையும் இதே சுவரில் எதிர்பார்க்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி